கொழுந்துக் கூடைக்கும் பெக்டரிக்கும் நடுவே: சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பொறியியல் எட்டாத கனியா?

ஒரு தாய் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பறித்த 18 கிலோ கொழுந்து, மறுநாள் பெக்டரியை விட்டு வெளியே வரும்போது நாலு கிலோவை ஒட்டிய தேயிலைத் தூளாக இருக்கும். மீதி 14 கிலோ அளவு எங்கே போனது? அது தண்ணீர். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். வாட்டும் தொட்டியில் காற்றடித்து, ரோலரில் உருட்டி, நொதிக்க விட்டு, அடுப்புச் சூட்டில் உலர்த்தி அந்த ஈரத்தை மூன்று வீதம் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு காற்று, எத்தனை பாகை சூடு, எத்தனை நிமிடம் என்ற கணக்கில் பிசகினால் அன்றைய தேயிலை ஏலத்தில் விலை போகாது.

இந்தக் கணக்குக்குப் பெயர்தான் பொறியியல். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் லயன் வீட்டில் பிறந்த பெண் பிள்ளை ஒவ்வொருத்தியும் இந்தப் பொறியியலைத் தாண்டித்தான் பாடசாலைக்கு நடந்து போகிறாள். பெக்டரியின் சத்தமும் வாசமும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இயந்திரங்களை வடிவமைக்கும், பராமரிக்கும், மாற்றியமைக்கும் வேலை தனக்கானதாகவும் இருக்கலாம் என்று அவளிடம் சொல்ல அருகில் ஆள் இல்லை. தாய் மலையில் கொழுந்து பறிப்பார், அல்லது விடியுமுன் எழுந்து இறப்பர் பால் வெட்டப் போவார். தகப்பன் பெக்டரியில் வேலை செய்தாலும் தொழிலாளியாகத்தான் இருப்பார்.

அந்தப் பிள்ளைக்கும் பொறியியல் பீடத்துக்கும் இடையில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன, எந்த வாசலில் அவள் தடுக்கப்படுகிறாள், எங்கே யார் கை கொடுக்கலாம் என்பதை இந்தக் கட்டுரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

வடக்கில் இருக்கும் வாசகருக்கு இதில் என்ன?

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. இரண்டிலும் சிங்கள மக்களே பெரும்பான்மை. பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானைப் பக்கம் தேயிலையும், யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கம் இறப்பரும் தேயிலையுமாகத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியாவைப் போல மலையகத் தமிழர் திரளாக வாழும் மாவட்டங்கள் அல்ல இவை. அதனால் அரசியல் பலமும் குறைவு, மலையகம் என்று பேசும்போது நினைவுக்கு வருவதும் குறைவு.

ஆனால் வன்னி வாசகர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. 1977, 1981, 1983 வன்முறைகளில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து குடியேறின. காடு வெட்டிக் காணி திருத்திய அந்தக் குடும்பங்கள் பின்னர் போரின் கடைசி நாள் வரை எல்லோரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்தன. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. அந்த மாவட்டத்து மலையக வம்சாவளிப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊரில் இருக்கிறது. இரத்தினபுரியிலேயே தங்கிவிட்ட சித்தப்பாவின் மகளுக்கு அப்படி ஒரு பீடம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

தாமதமாகத் திறந்த கதவு

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் இருந்தன. ஒரு கொட்டில், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியதால் கேட்பதற்கு வாக்குரிமையும் இல்லை. 1970களில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டின் மற்றைய பிள்ளைகள் இரண்டு தலைமுறை படித்து முடித்த பிறகு ஆரம்பித்த ஓட்டம் இது.

இதன் விளைவு இன்றும் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவி இணைந்த கணிதம் படிக்க விரும்பினால் வீட்டிலோ ஒழுங்கையிலோ அதைப் படித்த ஒருவர் இருப்பார். தோட்டத்தில் அவளே முதல் ஆள். உயர்தரம் படித்த ஆசிரியர்கள் தோட்டப் பாடசாலைகளில் இருக்கிறார்கள், அக்கறையோடு படிப்பிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கலைப் பிரிவில் வந்தவர்கள். கணிதம், பௌதிகவியல் படித்துத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியரைத் தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுவருவதும், வந்தவரை அங்கே தக்கவைப்பதும்தான் பெரும்பாடு.

முதல் வாசல்: சாதாரண தரம்

பொறியியல் பீடத்துக்கான பாதை உயர்தரத்தில் ஆரம்பிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எட்டாம், ஒன்பதாம் தரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு இல்லாத பிள்ளையை உயர்தரக் கணிதப் பிரிவில் பாடசாலைகள் சேர்ப்பதில்லை. வெறும் சித்தி போதாது, திறமைச் சித்தியையாவது எதிர்பார்ப்பார்கள்.

எட்டாம் தரத்தில் அட்சரகணிதம் விளங்காமல் போன பிள்ளைக்கு அதன் பிறகு வரும் ஒவ்வொரு பாடமும் பூட்டிய அறைதான். பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இன்னொரு சுமையும் சேர்கிறது. தாய் பெரட்டுக்குப் போன பின் தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, சமைப்பது எல்லாம் மூத்த பெண்ணின் தலையில். லயன் காம்பிராவில் படிக்கத் தனி மேசை கிடையாது. ஆண் பிள்ளை பின்னேர வகுப்புக்குப் போய் இருட்டியபின் வரலாம். பெண் பிள்ளை தேயிலை மலை நடுவே தனியாக வர முடியாது என்று வீடு பயப்படுகிறது. அந்தப் பயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பாதையில் விளக்கும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

ஆகவே பொறியியலில் ஆர்வம் ஊட்டுவது என்பதன் முதல் நடைமுறை வடிவம் மிகச் சாதாரணமானது. தோட்டத்துக்குள்ளேயே, வெளிச்சம் இருக்கும்போதே, ஏழாம் எட்டாம் தரத்துக்கு ஒரு கணித வகுப்பு. வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ நடத்தலாம்.

இரண்டாம் வாசல்: எங்கே உயர்தரம் படிப்பது?

பொறியியல் பீடத்துக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களும் வேண்டும். இலங்கையில் 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உண்டு. சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்த வகைக்குள் வருவதில்லை. 1சீ வகைப் பாடசாலையில் கலை, வர்த்தகம் வரை படிக்கலாம், கணிதம் இல்லை. இதனால்தான் சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளையும் கலைப் பிரிவில் போய் உட்காருகிறாள்.

மாற்று வழி, தமிழ் மொழிமூலக் கணிதப் பிரிவு உள்ள பாடசாலையைத் தேடி ஊரை விட்டுப் போவது. ஹட்டன், கண்டி, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று போகலாம். போனால் விடுதிச் செலவும் தனியார் வகுப்புச் செலவும் உண்டு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வீட்டையும் நடத்தி, ஒரு பிள்ளையை இரண்டு வருடங்களுக்கு மேல் வெளியூரில் வைத்துப் படிப்பிப்பது எத்தனை கடினம் என்று சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளை என்றால் விடுதி பாதுகாப்பானதா என்ற கேள்வியும் சேரும். நம்பிக்கையான ஒரு விடுதியும் அதில் ஒரு கட்டிலும் கிடைத்தால் பாதித் தடை விலகிவிடும்.

மூன்றாம் வாசல்: இசட் புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழக அனுமதி முறை எமது வாசகர்களுக்கு வெறும் நிர்வாக விடயம் அல்ல. 1970/71 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாக இருந்தபோது தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. அந்த 23 புள்ளி ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே யாழ்ப்பாணத்தில் இன்றும் முகம் மாறும்.

இன்றைய முறை வேறு. 2001 முதல் இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி நடக்கிறது. பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எல்லாமே அந்த 16இல் அடங்கும். இரத்தினபுரியும் அதில் இருக்கிறது. கேகாலை இல்லை.

இதைத் தோட்டப் பெற்றோர் தெரிந்திருப்பது முக்கியம். தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளையும் இறக்குவானைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வறுமையில் படித்தாலும், ஒருத்திக்கு அந்த மேலதிக ஒதுக்கீடு உண்டு, மற்றவளுக்கு இல்லை. இன்னொரு குறையும் உண்டு. ஒதுக்கீடு மாவட்டத்துக்கே தவிரத் தோட்டத்துக்கு அல்ல. இரத்தினபுரி நகரின் பெரிய பாடசாலையில் படித்த மாணவனும் தோட்டத்துப் பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தோட்டத்துப் பின்தங்கலை மாவட்டக் கணக்கு மறைத்துவிடுகிறது.

உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்துக்குப் போக நினைக்கும் குடும்பங்கள், பிள்ளை எந்த மாவட்டத்துக் கணக்கில் சேர்வாள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நூல் தமிழிலும் வருகிறது.

எங்கெல்லாம் படிக்கலாம்?

பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய அரச பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடங்கள் உள்ளன. பட்டம் நான்கு வருடம். கல்விக் கட்டணம் கிடையாது. மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக உதவுதொகையோ வறிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கற்பித்தல் மொழி ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிய எல்லோருக்கும் முதல் வருடம் சிரமம்தான். அது தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் வரும் சிரமம் அல்ல என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சொந்த மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் பீடம் இல்லாவிட்டாலும் நில அளவை விஞ்ஞானம், கணினி, தொழினுட்பம் ஆகிய துறைகள் அங்கே உண்டு.

கணிதப் பிரிவு கிடைக்காதவர்களுக்கு வேறு படிகளும் உள்ளன.

தொழினுட்பப் பிரிவு: 2013இல் உயர்தரத்தில் அறிமுகமானது. பொறியியற் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு பாடம். இதன் வழியாகப் பொறியியற் தொழினுட்பப் பட்டத்துக்குப் போகலாம். ஆனால் இது பொறியியல் பீடப் பட்டம் அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்து இந்தப் பிரிவைத் தெரிவு செய்து பின்னர் ஏமாறக்கூடாது. நல்ல தொழில் தரும் பட்டம்தான், வேறுபாடு தெரிந்து எடுக்க வேண்டும்.

டிப்ளோமாக்கள்: கணிதப் பிரிவில் சித்தியடைந்தும் இசட் புள்ளி போதாதவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகம் நடத்தும் தேசிய தொழினுட்ப டிப்ளோமாவும், உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம்.

என்விகியூ ஏணி: சாதாரண தரத்தோடு நின்றவர்களும் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரலாம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அவை உள்ளன. நான்காம் மட்டம் தேர்ந்த தொழிலாளர், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மின்னிணைப்பு, இயந்திரப் பராமரிப்பு, வரைபடக் கலை போன்ற துறைகளில் பெண்களும் சேரலாம். தையலும் அழகுக் கலையும் மட்டுமே பெண்ணுக்குரிய பயிற்சி என்று யாராவது வழிகாட்டினால் காரணம் கேளுங்கள்.

முன்னே போன பெண்கள்

இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் என்று அறியப்படுபவர் ஒரு தமிழ்ப் பெண். பிரேமளா சிவசேகரம் 1960களில் பொறியியல் படித்து வெளியேறிக் கட்டமைப்புப் பொறியியலில் உயர்ந்தவர். 2019 மார்ச்சில் இலங்கை நாடாளுமன்றம் கௌரவித்த 12 பெண்களில் அவரும் ஒருவர்.

அதற்கும் முன்னால், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்தவர் ஏ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவை. அந்த நிலையில் மின்பொறியியல் படித்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை வெட்டிப் பெண்பாலாக மாற்றி அவருக்குக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்சாரப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

லலிதாவின் தகப்பனார் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறமை அவருடையது. கதவு எங்கே இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லாதது அந்த ஆள்தான்.

அந்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவர முடியுமா? முடியும் என்கிறது பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வு. 2015-16 கல்வியாண்டில் பாரிஸ் வட்டாரப் பாடசாலைகளுக்குப் பெண் விஞ்ஞானிகள் போய் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே ஒரு மணி நேரம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். இறுதி வகுப்பு மாணவிகளில், போட்டி மிகுந்த கணித, விஞ்ஞான உயர்கல்வியில் சேர்ந்தவர்களின் வீதம் 11இலிருந்து 14.5 ஆக உயர்ந்தது. கணிதத்தில் ஏற்கெனவே கெட்டிக்காரிகளாக இருந்தவர்களிடமே இந்த மாற்றம் அதிகம். அதாவது ஆற்றல் இருந்தது, சொல்ல ஆள் வந்தது. ஆனால் கணிதம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத இடத்தில் பேச்சு மட்டும் போதாது என்பதும் இதற்குள் அடங்கும்.

ஏன் பொறியியல்?

டாக்டர், டீச்சர், நர்ஸ் போதாதா என்று கேட்கலாம். சப்ரகமுவ மண்ணே இதற்குப் பதில் சொல்கிறது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கவில் கிராமங்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், மழைநீர் எந்த வழியாக இறங்க வேண்டும், எப்போது மக்களை எழுப்பி வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் குடிசார் பொறியியலாளரும் புவிச்சரிதவியலாளரும் பார்க்கும் வேலை.

பலாங்கொடைக்குப் பக்கத்தில் 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ அணைக்கட்டு 120 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதன் வலது கரையில் ஆரம்பத்திலேயே ஏற்பட்ட நீர்க்கசிவு நாட்டின் பொறியியலாளர்களைப் பல வருடங்கள் யோசிக்க வைத்தது. கித்துல்கலைப் பக்கம் களனி கங்கை நீரில் மின்நிலையங்கள் ஓடுகின்றன. இவற்றைச் சுற்றியே தோட்டங்கள் இருக்கின்றன. தேயிலைப் பெக்டரிகள், நீர் வழங்கல், வீதி அபிவிருத்தி என்று வேலைத்தளங்களும் மாகாணத்துக்குள்ளேயே உண்டு.

லயன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மழைக்கு எங்கே ஒழுகும், சரிவில் எங்கே வெடிப்பு விழுகிறது என்று அங்கே வளர்ந்த பெண்ணைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவள் பொறியியலாளராக வரைபடத்தின் முன் உட்கார்ந்தால் சமையலறையும் குளியலறையும் எங்கே இருக்க வேண்டும் என்பதும் மாறும்.

யார் என்ன செய்யலாம்?

பெற்றோர்: எட்டாம் தரத்திலிருந்தே கணிதப் புள்ளியைப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே உயர்தரக் கணிதப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகளை விசாரித்து வையுங்கள். பெறுபேறு வந்தபின் தேடினால் இடம் நிரம்பிவிடும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். முதல் தடவை தவறினால் உடனே கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

ஆசிரியர்கள்: பெக்டரியைப் பாடமாக்குங்கள். நிர்வாகத்திடம் அனுமதி பெற்று ஒன்பதாம் தரத்தை அங்கே அழைத்துச் செல்லுங்கள். உராய்வு, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அங்கே கண்முன்னே இருக்கிறது. கேள்வி கேட்கும்போது பெண் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

பொறியியல் பீட மாணவியர்: விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். நீங்கள் எப்படிப் படித்தீர்கள், எதில் தவறினீர்கள், விடுதி எப்படி, செலவு எவ்வளவு என்று சொன்னால் போதும். பெரிய உரை தேவையில்லை.

வடக்கில் உள்ளவர்களும் புலம்பெயர்ந்தவர்களும்: தமிழில் இணைந்த கணிதம் கற்பிக்கும் மரபும் ஆட்களும் உங்களிடம் உண்டு. வாரம் ஒரு இணையவழி வகுப்பு, அதைப் பார்க்க ஒரு திரை, ஒரு பிள்ளையின் இரண்டு வருட விடுதிச் செலவு என்று கணக்கு வைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் பரிசளிப்பு விழாவைவிடத் தொடர்ந்து இரண்டு வருடம் தாங்கும் உதவிதான் இங்கே வேலை செய்யும்.

கல்வி அதிகாரிகள்: மாகாணத்தில் இரண்டு மாவட்டங்களிலும் விடுதியோடு கூடிய, தமிழ் மொழிமூலக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் ஆசிரியர் குறைவின்றி இயங்க வேண்டும். கேட்பது புதிய சலுகை அல்ல. 1945இல் தருவதாகச் சொன்ன கல்விதான்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. பொறியியல் பீடங்களில் மட்டும் அவர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குள் தோட்டத்துப் பெண்களை விரல் விட்டு எண்ணவே ஆள் தேட வேண்டும். இந்த வருடம் எட்டாம் தரத்தில் இருக்கும் பிள்ளைக்கு உயர்தரம் முடிய இன்னும் ஐந்து வருடங்கள் இருக்கின்றன. அவளுக்கான கணித வகுப்பை ஆரம்பிக்க வேண்டிய காலம் இதுதான்.